பின்கதவில் ஒரு பள்ளம்

பதினெட்டு வருசமாக ஸ்டியரிங் பிடித்தவன் என்று அந்த ஷோரூமுக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டான் காசிமாயன். நாலாவதாக அதைத் தெரிந்துகொண்டது வாசலில் நின்ற கொடிக்கம்பம்.

தப்பு முழுக்க அவனுடையதுதான். பங்குக்கு ஆள் சேர்க்க வழியே இல்லை. புது பிக்கப்பை ஓட்டிப் பார்க்கிறேன் என்று காளவாசல் வரைக்கும் போய் பைபாஸ் ரோட்டில் திரும்பி வந்து ஷோரூம் வாசலுக்குள் நுழைத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த விற்பனைக்காரன் சித்தார்த்துக்கு மேனேஜரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, இப்படியே நிறுத்திட்டு எறங்கிக்கங்க. நான் வந்து பின்னாடி எடுத்து விட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே ஓடினான்.

இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தால் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஜெயக்கொடி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிப் பதினாறு வருசம் ஆன பெண்டாட்டி பார்க்க வண்டி ஓட்டினால் ஆம்பளைக்கு ஒரு கை தானாக ஜன்னலுக்கு வெளியே வந்து தொங்குகிறது. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கை வெளியே, தலையை மட்டும் தேரில் வருகிற சாமி மாதிரி லேசாகத் திருப்பிக்கொண்டு, காசிமாயன் வண்டியைப் பின்னால் எடுத்தான்.

டங்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கோயில் மணியில் தெரியாமல் தலை முட்டியது மாதிரி ஒரே ஒரு டங். இறங்கிப் போய்ப் பார்த்தான். பின்கதவில் ஒரு தேங்காயை வைத்தால் உருளாமல் நிற்கும், அந்த அளவுக்குப் பள்ளம். கம்பெனிக் கொடி பறந்த இரும்புக் கம்பம் நேராக நிற்பதை விட்டுவிட்டு, தேனி ரோட்டுப் பக்கம் யாரோ வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி சாய்ந்திருந்தது.

சுற்றிப் பார்த்தான். வாட்ச்மேன் டீக்குப் போயிருந்தார். சித்தார்த் உள்ளே. கேமரா ஒன்று இருந்தது. அது ரோட்டைப் பார்த்திருந்தது. பதினெட்டு வருச அனுபவம் என்ன செய்யச் சொல்லிற்றோ அதைச் செய்தான். வண்டியைக் கொண்டுபோய் காம்பவுண்டு சுவரை ஒட்டி, பின்பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினான். நடுவில் ஒரு பூனை போகலாம், மேனேஜர் போக முடியாது. இந்தத் தடவை ரிவர்ஸ் அவ்வளவு சுத்தமாக வந்தது. முதலிலேயே இப்படி வந்து தொலைத்திருக்கலாம்.

ஜெயக்கொடி அருகில் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் பாதி பாவம் கழியும்.

"சொல்லிருவமா?" என்றான் அவனே.

"இடிச்சது நீங்க. என்னையக் கேக்குறீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அதற்குத் திட்டே தேவலை.

உள்ளே ஏசி போட்டிருந்தும் அவனுக்கு முதுகு நனைந்தது. இன்றைக்கு வந்த காரியம் அப்படி.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் அவனிடம் சொந்தமாக ஒரு பிக்கப் இருந்தது. பழைய வண்டி. விற்றுக் கொடுத்த புரோக்கர், "இன்ஜினுக்கு ஒரு வருசம் நான் கேரண்டி, நான் இருக்கேன்ல" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னான். நாலாவது மாசம் மேலக்கால் ரோட்டில் அறுபது வாழைத்தாரோடு இன்ஜின் இறுகிப்போய் நின்றது. காசிமாயன் புரோக்கரைப் பிடித்து, "கேரண்டின்னு சொன்னீங்களா இல்லையா?" என்று கேட்டான். அந்த ஆள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல" என்றான். வண்டி பழைய இரும்பு விலைக்குப் போனது. ஜெயக்கொடியின் வளையல் அதற்கு முன்னாலேயே போயிருந்தது. அன்றிலிருந்து காசிமாயன் மலைச்சாமி என்பவரின் வண்டியைத் தினக்கூலிக்கு ஓட்டுகிறான்.

இப்போது மறுபடியும் ஒரு வழி திறந்திருந்தது. சோழவந்தான் பக்கத்துத் தோப்புகளிலிருந்து சிம்மக்கல் மண்டிக்குத் தினமும் வாழைத்தார் ஏற்றிவர, சொந்த வண்டி வைத்திருக்கிற ஆள் வேண்டும் என்று மண்டிக்காரர் கேட்டிருந்தார். ஆவணி ஒண்ணாந்தேதி வண்டி வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேறு ஆள். முன்பணத்துக்கு ஜெயக்கொடியின் சங்கிலி நேற்று அடகுக்கடைக்குப் போயிருந்தது. அதுதான் கடைசி. அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள்; இனிமேல் அடகு வைக்க வேண்டுமானால் பள்ளிக்கூடத்து அண்டாவைத்தான் வைக்க வேண்டும். இந்த வண்டியும் மேலக்கால் ரோட்டில் நின்றால் மூன்றாவது வண்டி என்று ஒன்று கிடையாது.

அதனால் ஜெயக்கொடி புருசனுக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்திருந்தாள். விலையைக் கொஞ்சம் முன்னே பின்னே பேசலாம். வட்டியைக் கேட்கலாம். ஆனால் வாரண்டி என்றைக்கு ஆரம்பிக்கிறது, என்றைக்கு முடிகிறது என்று தேதி போட்டுக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

இன்னொரு விசயம். அன்றைக்கு ஆடி பதினைந்து, ஜூலை கடைசி நாள். ஆடியில் மதுரைக்காரர்கள் சேலை எடுப்பார்கள், குக்கர் எடுப்பார்கள், வண்டி எடுக்க மாட்டார்கள். ஜெயக்கொடியின் யோசனை என்னவென்றால், வண்டி விற்காத ஆடியில் விலை பேசி, ஆவணி பிறந்த அன்றைக்கே சாவி வாங்குவது. போன வாரம் போனில் இதைச் சொன்னதும் சித்தார்த் குதூகலமாகிவிட்டான்.

"சரியான ஐடியாக்கா. உங்க வண்டி, நம்ம ஸ்டாக் நிறுத்துற யார்டுல பத்திரமா இருக்கு. ஆடியில அதக் கண்ணாலகூடப் பாக்க வேணாம். ஆவணியில மாலையோட வந்து நேரா பாருங்க."

"வெவரமான தம்பி" என்று அன்றைக்கு மெச்சிக்கொண்டாள் ஜெயக்கொடி. ஆடியில் புது வண்டி முகத்தில் முழிக்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டில் ஒரு பழக்கம். ஓட்டிப் பார்த்தது ஷோரூமின் டெமோ வண்டிதானே, அதற்குத் தோசம் கிடையாது என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். தோசம் வேறு விதமாக வந்துவிட்டது.

முதலில் கடன் மேஜை. பைனான்ஸ் கம்பெனியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த பவதாரிணி, வயது இருபத்தெட்டு இருக்கும், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினாள்.

"சார், உங்க ஸ்கோர் கொஞ்சம் கம்மியா இருக்கு. பழைய வண்டி டியூ ரெண்டு லேட்டாயிருக்கு."

"எம்புட்டு கம்மி?"

"பாஸ் மார்க்குக்கு மேலதான் சார்."

"பத்தாவதுலயும் நான் அப்படித்தாங்க" என்றான் காசிமாயன். அவள் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு முழுதாக வரவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு அப்பால், கொடிக்கம்பம் சாய்ந்து நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எட்டு லட்சம் லோன், ஒம்போதரை பர்சென்ட், அறுபது மாசம். மாசம் பத்தொம்பதாயிரத்து அறநூத்தி அறுபத்தேழு."

ஜெயக்கொடி கைப்பையிலிருந்து மகளிர் குழு நோட்டை எடுத்தாள். நாலு வருசமாகக் குழுவுக்குச் செயலாளர் அவள். "எங்க குழுவுல கடன அடைக்க அடைக்க வட்டி கொறையும். இதுல கொறையுமாம்மா?"

"ஈ.எம்.ஐ. கடைசி வரைக்கும் மாறவே மாறாது மேடம். நிம்மதியா இருக்கலாம்."

"மாறாதுங்கிறது வெளங்குது. வட்டி கொறையுமான்னு கேட்டேன்."

"மாசம் பத்தொம்பதாயிரத்து அறநூத்தி அறுபத்தேழு மேடம். அத மட்டும் மனசுல வச்சுக்கங்க."

ஜெயக்கொடி நோட்டில் பேனாவை ஓட்டினாள். "எட்டு வாங்கி பதினொண்ணு எம்பது கட்டணும். நாலாம் வருசம் ரெண்டு லட்சஞ்சொச்சந்தான் பாக்கி இருக்கும். அப்பயும் முழு எட்டுக்கும் வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். அப்படித்தான?"

பவதாரிணி முதல்முறையாகக் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ஜெயக்கொடியைப் பார்த்தாள். "ஒம்போதுக்குப் பேசிப் பாக்குறேன் மேடம்."

"எட்டரைக்குப் பேசுங்க."

அந்த அரை சதவீதத்துக்கு இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் அது வந்திருக்கும். அந்த நேரம் பார்த்து பவதாரிணி சோம்பல் முறித்துக் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "அய்ய, கொடிக்கம்பம் ஏன் இப்படிச் சாஞ்சிருக்கு?"

காசிமாயன் செருப்பைத் தேடுவது மாதிரி மேஜைக்கடியில் குனிந்தான்.

தண்ணீர் பாட்டிலோடு வந்த சித்தார்த் எட்டிப் பார்த்தான். "ஆடிக்காத்து மேடம்."

"ஆமாங்க" என்று பாய்ந்தான் காசிமாயன். "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும். இது வெறும் கம்பி. ஒம்போதே போட்டுருங்க, ஒம்போதே சரி, நல்ல நம்பர்."

ஜெயக்கொடி நோட்டை மூடினாள். மூடிய சத்தத்திலிருந்து, அஞ்சு வருசத்துக்கும் சேர்த்து இருபதாயிரம் ரூபாய் அந்தக் காற்றில் பறந்துவிட்டது என்பதை அவன் புரிந்துகொண்டான்.

அடுத்தது விலை. சித்தார்த் அவர்களைத் தன் மேஜைக்கு அழைத்துப் போனான். இருபத்தைந்து வயது, சட்டை கஞ்சி போட்டது மாதிரி நிமிர்ந்திருந்தது, ஆனால் இடது ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்திருக்க, ரப்பர் பேண்ட் ஒன்றைச் சுற்றியிருந்தான். மேஜைக்கடியில் பிரிக்காத சாப்பாட்டு டப்பா. மணி மூன்றரை.

"சாப்பிடலையா தம்பி?"

"உங்களது முடிஞ்சா சாப்பிட வேண்டியதுதாண்ணே. மாசக் கடைசி. எனக்கு இன்னும் ஒரு வண்டி போகணும்."

இப்படிச் சொல்கிறவனிடம் எப்படி அடித்துப் பேசுவது? ஊரிலிருந்து கிளம்பும்போது கண்ணாடி முன் நின்று பத்து லட்சம், பத்து லட்சம் என்று முறைத்துப் பழகியிருந்தான் காசிமாயன். அந்த முறைப்பை இப்போது தேடினால் கிடைக்கவில்லை.

"ரோட்டுக்கு வர பத்து லட்சத்து அறுபதாயிரம்ணே. ஆடி ஆஃபர் முப்பது போக பத்து முப்பது."

"பத்து."

"அண்ணே..."

"பத்து ரவுண்டா. மேல போனா எந்திரிச்சுருவோம்" என்றான். எழுந்திருக்கிற எண்ணமே அவனுக்கு இல்லை. எழுந்தால் பள்ளத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்.

சித்தார்த் மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போனான். வெளியே வாட்ச்மேன் டீ குடித்துவிட்டு வந்திருந்தார். ஒரு வாளியும் துணியுமாக நேராக டெமோ வண்டியை நோக்கி நடந்தார். முன்கண்ணாடியைத் துடைத்தார். ஓட்டுநர் பக்கக் கதவைத் துடைத்தார். இன்னும் நாலு அடி. காசிமாயன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். வாட்ச்மேன் பக்கவாட்டில் ஒருமுறை துணியை வீசினார், வானத்தைப் பார்த்தார், வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரைகுறையாக வேலை பார்க்கிற எல்லா வாட்ச்மேன்களும் நூறு வருசம் நல்லா இருக்கட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான்.

சித்தார்த் வெளியே வந்தான். "ஓகேண்ணே. பத்தே."

காசிமாயன் திடுக்கிட்டான். பத்து பதினைந்துக்கு வந்து நிற்பான், அப்புறம் டீ வரும், அப்புறம் பத்து பன்னிரண்டு என்றுதான் அவன் கணக்கு. கேட்ட விலைக்கு ஒரு பேச்சும் இல்லாமல் இறங்கிவருவது மண்டியில் அழுகின தாருக்குத்தான் நடக்கும்.

"ஆனா இன்னைக்கே கையெழுத்து ஆகணும்ணே. நாளைக்கு இந்த வெல கெடையாது."

ஜெயக்கொடி அவன் பக்கம் சாயாமலே முணுமுணுத்தாள். "கேட்டதும் குடுக்குறான்னா எதையோ வச்சிருக்கான். கேளுங்க."

கேட்டான். "தம்பி, வாரண்டி எம்புட்டு?"

"மூணு வருசம் இல்லேன்னா ஒரு லட்சம் கிலோமீட்டர்ண்ணே. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் சேத்து."

"என்னைக்கு ஆரம்பிக்குது?"

"மூணு முழு வருசம்ணே. கம்பெனி வாரண்டி. மதுரையில மட்டும் நமக்கு நாலு சர்வீஸ் சென்டர் இருக்கு."

"நாலு இருக்கட்டும். என்னைக்கு ஆரம்பிக்குது?"

"அண்ணே, வண்டி உங்க கைக்கு வந்தப்புறம் எதுவா இருந்தாலும் எனக்கு ஒரு போன் அடிங்க. நான் இருக்கேன்ல."

காசிமாயன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த ரெண்டு வார்த்தையை அவன் இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறான். மேலக்கால் ரோட்டில் அதன் விலை நாலரை லட்சம்.

"வண்டியக் காட்டுங்க" என்றாள் ஜெயக்கொடி திடீரென்று. "யார்டுல இருக்குன்னீங்கள்ல."

"அக்கா, ஆடியில பாக்க மாட்டேன்னு நீங்கதான..."

"மாட்டேன்னுதான் சொன்னேன். இப்பக் கேக்குறேன்."

சித்தார்த் பேனாவின் மூடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். "யார்டு விரகனூர்கிட்ட இருக்குக்கா. போயிட்டு வர்றதுக்குள்ள பில்லிங் மூடிருவாங்க. இத விட்டா வேற வண்டிக்கு நாப்பத்தஞ்சு நாள் வெயிட்டிங்."

நாற்பத்தைந்து நாள். ஆவணி கடைசிக்கு வந்துவிடும். சிம்மக்கல் மண்டி போய்விடும். காசிமாயன் படிவத்தைப் பார்த்தான். பேனாவைப் பார்த்தான். ஒரு தேதிதானே, அதை அப்புறம் கேட்டுக்கொண்டால் என்ன என்று மனசு நைசாக ஒரு பக்கம் சாய்ந்தது, கொடிக்கம்பம் மாதிரி.

அப்போதுதான் இன்னொரு ஆள் டெஸ்ட் டிரைவ் கேட்டு வந்து சேர்ந்தார். செக்கானூரணிப் பக்கத்து விவசாயி. மேனேஜர் ராஜபாண்டி தானே சாவியை எடுத்துக்கொண்டு அவரோடு வெளியே போனார். வண்டி சுவரை விட்டு முன்னால் நகர்ந்தது. ஆடி வெயில் பின்கதவில் பட்டது.

காசிமாயன் பார்க்கவில்லை. சத்தம் வந்தது.

"சித்தார்த்!"

சித்தார்த் ஓடினான். கண்ணாடிக் கதவு திறந்தே கிடந்ததால் எல்லாமே கேட்டது.

"என்னடா இது? யாரு எடுத்தது கடைசியா?"

"நான்தான் சார் டெஸ்ட் டிரைவ் கூட்டிட்டுப் போனேன்."

"காலையில பாத்தேன், நல்லா இருந்துச்சு. போன மாசம் கண்ணாடி. அதுக்கு முந்தி பம்பர். இப்ப இது. பதினெட்டாயிரம் ஆகும்டா, ஒன் ரெண்டு மாசச் சம்பளம். சம்பளத்துல புடிக்கவும் வேணாம், ஒன்னக் கட்டி அழுகவும் வேணாம். சாயங்காலம் ஐடி கார்டக் குடுத்துட்டுப் போ."

சித்தார்த் குனிந்து பள்ளத்தைப் பார்த்தான். நிமிர்ந்து கொடிக்கம்பத்தைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகத் திரும்பி, கண்ணாடி வழியாக, உள்ளே உட்கார்ந்திருந்த காசிமாயனைப் பார்த்தான். ஒரு நொடிதான். அதற்குள் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காசிமாயனுக்கும் அது தெரிந்துவிட்டது. கடைசி வண்டிக்கான கஸ்டமரைக் காட்டிக்கொடுத்தால் அந்த வண்டியும் போகும், அதை விற்றுக் காட்டி வேலையைத் திரும்பப் பிடிக்கிற வழியும் போகும். சித்தார்த் தலையைக் குனிந்துகொண்டான்.

காசிமாயன் மேலே பார்த்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று இறக்கை. ஒன்றில் ஒட்டடை. எவ்வளவு நேரம் அதைப் பார்த்தான் என்று தெரியவில்லை. வாய் தானாக எதையோ சொல்ல வந்தது. என்னவென்று அவனே காது கொடுத்துக் கேட்டான். மழை வரும்போல.

அட நாயே, என்று தன்னைத்தானே ஒரு திட்டுத் திட்டிக்கொண்டு எழுந்தான். பதினெட்டாயிரம். பத்து லட்ச விலை. ஆவணி ஒண்ணு. எல்லாமும் வாசலில் சாய்ந்து கிடந்தன. திரும்பி ஜெயக்கொடியைப் பார்த்தான். அவள் காலுக்கடியில் கிடந்த கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து, அவன் போவதற்கு வழி விட்டாள்.

வெளியே வந்து, "இடிச்சது நான்தாங்க" என்றான். கம்பீரமாகச் சொல்வதாகத்தான் உத்தேசம். குரல் கீச்சென்று வந்தது.

ராஜபாண்டி திரும்பினார்.

"தம்பி எறங்கிருங்கன்னுதான் சொல்லுச்சு. நான்தான் பின்னாடி எடுத்தேன். கம்பமும் நான்தான். காத்து இல்ல. செவுத்துல ஒட்டி நிறுத்துனதும் நான்தான்." இனிமேல் ஒப்புக்கொள்ள எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. "ஒம் மேல தப்பு இல்ல தம்பி."

செக்கானூரணிக்காரர், இவன் ஓட்டுகிற வண்டி எதிரே வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று யோசிப்பவர் போல நின்றார்.

ராஜபாண்டியின் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. கண்ணாடிக்குள் மேஜை மேல் கிடந்த கையெழுத்தாகாத படிவத்தைப் பார்த்தார். உடனே சிரித்தார். அவ்வளவு சிரிப்பைக் காசிமாயன் எதிர்பார்க்கவில்லை.

"அட, அண்ணனா! இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு. நம்ம வண்டி எடுக்கப் போறீங்க, நம்ம குடும்பம். குடும்பத்துக்குள்ள கணக்குப் பாக்க முடியுமா? அந்தப் பதினெட்டாயிரத்த நான் மறந்துட்டேன். நீங்க போயி கையெழுத்தப் போட்டுருங்க. வெல அதே பத்துதான்."

"தம்பி வேலை?"

"அவன் எங்க போகப் போறான்? உங்க வண்டிய அவன்தான டெலிவரி குடுக்கணும். டேய், அண்ணனக் கூட்டிட்டுப் போ." சொல்லிவிட்டு விவசாயியின் தோளில் கை போட்டு வண்டிக்குக் கூட்டிப் போனார்.

மறுபடியும் மேஜை. மறுபடியும் படிவம். பதினெட்டாயிரம் தப்பித்தது, ஒரு பையன் வேலை தப்பித்தது, ஆவணி தப்பித்தது. இப்போது கையெழுத்துப் போடாமல் இருப்பது மரியாதை இல்லை. காசிமாயன் பேனாவை வாங்கினான். வாங்கிய பிறகு யோசித்தான். பத்து ரூபாய் சில்லறைக்கு முறைக்கிற ஊரில், முப்பதாயிரம் கேட்டதும் இறக்கிவிட்டு, பதினெட்டாயிரத்தையும் ஒரு மனுசன் சிரித்துக்கொண்டே மறக்கிறார். ஒரே கையெழுத்துக்கு. அப்படியென்றால் இந்தக் கையெழுத்தின் விலை என்ன?

ஜெயக்கொடியின் கை வந்து படிவத்தின் மேல் விழுந்தது. வெங்காயம் நறுக்கி நறுக்கிக் கோடு விழுந்த விரல்கள். கழுத்தில் சங்கிலி இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

"தேதி இன்னும் வரல" என்றாள்.

காசிமாயன் பேனாவைக் கீழே வைத்தான்.

"தம்பி, பதினெட்டு வருசமா ஓட்டுறேன்னு சொன்னேன்ல. அது பொய்யி. பதினாலுதான். நாலு வருசம் கிளீனரு. முன்ன வாங்குன வண்டி நாலே மாசத்துல ரோட்டுல நின்னுச்சு. வித்தவன்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டேன், அவன் வானத்தப் பாத்தான். இந்தக்கா சங்கிலி நேத்து அடகுக்குப் போயிருக்கு. அதுக்கு மேல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நீ வானத்தப் பாக்காத. வாரண்டி என்னைக்கு ஆரம்பிக்குது?"

சித்தார்த் கண்ணாடி அறையைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. பவதாரிணி கம்ப்யூட்டரில் மும்முரமாக இருப்பது மாதிரி இருந்தாள்; ஆனால் விரல் எதுவும் அசையவில்லை. வெளியே டெமோ வண்டி செக்கானூரணிக்காரரோடு பைபாஸ் ரோட்டில் ஏறி, பள்ளத்தைக் காட்டிக்கொண்டே போனது.

சித்தார்த் குனிந்து, சாப்பாட்டு டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தான். படிவத்தை ஜெயக்கொடியின் கைக்கடியிலிருந்து பைய உருவினான். ரெண்டாக மடித்தான். குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

"ஆரம்பிச்சு பதினாறு மாசம் ஆச்சுண்ணே. போன வருசம் மார்ச் முப்பத்தொண்ணு, டார்கெட்டுக்காக ஒரு ஆள் பேர்ல வித்ததா கம்ப்யூட்டர்ல ஏத்தி, யார்டுல போட்டுட்டாங்க. அதான் பத்து. எடுக்காதீங்க."